தொண்ணூற்றொன்பது ஆடுகளின் பசி

சபைத் தேர்தல் வந்தால் எனக்கு முழங்கால் வலி கூடிவிடுகிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்காக ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்க வேண்டியிருப்பதுதான் காரணம். இந்தத் தடவை இரண்டு அணி. இரண்டு அணிக்காரர்களும் ஒரே வாரத்தில் என் வீட்டுக்கு வந்து, ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே மாதிரி ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். இரண்டு நோட்டீசிலும் கைகூப்பிய படம், இரண்டிலும் தாழ்மையுள்ள ஊழியக்காரன் என்று கொட்டை எழுத்து. ஊழியம் செய்ய இத்தனை பேர் இப்படி அடித்துக்கொள்வதைப் பார்த்தால், அது ஏதோ நல்ல லாபமுள்ள தொழில் என்றுதான் புதிதாக வருகிறவன் நினைப்பான்.

அவர்கள் போன பிறகு வாலிபர் சங்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். நல்ல தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டமாம். நான் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம்.

"உங்க வீட்டுக்காரரைப் பத்தியே சொல்லுங்க டீச்சர். கேக்குறவங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும்."

பத்து நிமிஷம் நிற்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பாதி உண்மை. அவரைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் உற்சாகம் வராது என்பது மீதி. எனக்கே வந்ததில்லை. பெரும்பாலும் அலுப்புதான் வந்தது. ஆனாலும் அவள் போன பிறகு மனம் அதையே சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் எழுதிவைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் உபதேசியார். பாதிரியாரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். ஐயர் டவுனில் இருப்பார், மாதம் ஒருமுறை நற்கருணைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் சபையைப் பார்த்துக்கொள்வது உபதேசியார் வேலை. மண்ணியாற்றுக்குத் தெற்கே, திருப்பனந்தாளிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் தெரு. எல்லாம் வயல் வேலைக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பங்கள். ஓடு வேய்ந்த ஒரு கோயில், அதை ஒட்டி ஒரே அறையாக மிஷன் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர்.

அவர் பெரிய பேச்சாளர் இல்லை. அவருடைய பிரசங்கத்தில் தூங்காமல் இருந்தது கைக்குழந்தைகள் மட்டும்தான். புதிய கட்சி ஆட்சிக்கு வந்திருந்த காலம் அது. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன்கூட அடுக்குமொழியில் பேசினான். இவரோ ஒரு வசனத்தை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, அதே வசனத்தை இன்னொரு தடவை வாசிப்பார். நடையும் அப்படித்தான். வரப்பில் அவருக்குப் பின்னால் நடந்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். முன்னால் போகிற மாடு இவரைவிட வேகமாகப் போகும்.

அந்த வருஷம் தை மாத அறுப்பில் கூலித் தகராறு. களத்தில் அளந்து கொடுக்கிற நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். தெரு முனையில் சிவப்புக்கொடி ஏறியது. அதற்குப் போட்டியாக ஆளுங்கட்சிக் கொடியும் ஏறியது. இரண்டு கொடிக்கும் தலைவர்கள் வந்தார்கள், பேசினார்கள், எங்கள் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினார்கள். பெரிய பண்ணை அசையவில்லை. கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து ஆட்களை இறக்கி அறுக்கத் தொடங்கியது. பண்ணைக்காரரை நாங்கள் கண்ணால் பார்த்தது குறைவு. எல்லாம் அவருடைய காரியஸ்தர் மூலமாகத்தான் நடக்கும்.

மூன்றாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் பண்ணையின் வைக்கோல் போர் எரிந்தது. பெரிய போர். எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரெல்லாம் சிவந்து தெரிந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. கூடவே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

காலையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒருவன் வந்து நின்றான். இளைஞன், நல்ல உழவுக்காரன், யாரோடும் அதிகம் பேசமாட்டான். வலது கையைத் துண்டால் சுற்றியிருந்தான். மிஷன் மருந்துப்பெட்டி என் பொறுப்பில் இருந்தது. துண்டைப் பிரித்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வெந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. களிம்பைத் தடவிக் கட்டினேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், என் வீட்டுக்காரரிடம் மட்டும் தனியாகக் கொஞ்சநேரம் பேசிவிட்டுப் போனான்.

அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. இதைச் சொல்லிவிட்டால்தான் மற்றது புரியும்.

அன்று மத்தியானமே காரியஸ்தர் தெருவுக்குள் வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"போருக்குத் தீ வச்சவனை நீங்களே கொடுத்துருங்க. கொடுத்துட்டா, கேட்ட கூலியில பாதியாவது கூட்டித் தரச் சொல்றேன். நாளைக்கே அறுப்புக்கு வாங்க. கொடுக்கலைன்னா இந்தத் தெருவுல ஒரு ஆளுக்குக்கூட இந்த அறுப்பு கிடையாது. அடுத்த நடவும் கிடையாது."

அறுப்பு கிடையாது என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். களத்தில் கிடைக்கிற நெல்தான் ஆடி வரைக்கும் வயிறு. அது போனால் வீட்டில் இருக்கிற பித்தளைப் பாத்திரம் போகும், பிறகு ஆடு போகும், பிறகு பிள்ளையின் படிப்பு போகும். என் வகுப்பில் அந்த வாரமே பாதிப் பிள்ளைகள் நண்டு பிடிக்கப் போய்விட்டார்கள். வந்த மீதிப்பேரும் வாய்ப்பாடு சொல்லும்போதே கண் செருகினார்கள். பசித்த பிள்ளையை எழுப்பிப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைவிடக் கேவலமான வேலை கிடையாது.

கொடி ஏற்றிய தலைவர்களைத் தேடினோம். சிவப்புக்கொடிக்காரரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். மற்றவர் சென்னையில் இருந்தார்.

என் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணிவிட்டு வந்தார். வேறொன்றும் செய்யவில்லை. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்பில் நொய்க்கஞ்சி. அதுவும் என் சம்பளத்தில் வாங்கியது.

"ஏங்க, யாருன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒருத்தனுக்காகத் தெரு பூரா பட்டினி கெடக்கணுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதையேதான் பிரதான ஆசாரியனும் சொன்னான், டீச்சரே."

"யாரு?"

"ஜனங்களுக்காக ஒருத்தன் செத்தா நல்லதுதானேன்னு. ஆண்டவரைப் பிடிச்சுக் குடுக்கறதுக்கு முந்தி."

கையில் இருந்த அகப்பையை வீசிவிட்டேன். சுவரில் பட்டு விழுந்தது. அவர் அதை எடுத்துக் கழுவிக்கொண்டுவந்து என்னிடமே கொடுத்தார். அந்தப் பொறுமை எனக்கு எரிச்சலை இன்னும் கூட்டியது.

காணாமல்போன ஓர் ஆட்டைத் தேடி, தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுப் போன மேய்ப்பனைப் பற்றி நாங்கள் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தோளில் ஆட்டைப் போட்டுக்கொண்டு சிரிக்கிற படம் எல்லாச் சபையிலும் மாட்டியிருக்கிறது. அவன் திரும்பி வரும்வரை அந்தத் தொண்ணூற்றொன்பதும் என்ன தின்றன என்று யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். ஏனென்றால் நான் அந்தப் பக்கம் நின்றவள். பேசாமல் நிற்கிற ஆட்டுக்கும் வயிறு உண்டு. இன்றைக்கும் அந்தக் கேள்வி தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் தெரு நாட்டாமையும் காரியஸ்தரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சத்தியம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கு தீராமல் இழுத்தால் சத்தியத்துக்குக் கூப்பிடுவது வழக்கம். ஊருக்குள் இருக்கிற இந்துக்களுக்குச் சாமி கோயில் வாசலில் கற்பூரம். ஏற்றி, அதை அடித்து அணைத்துச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவத் தெருவுக்கு வேதப்புத்தகம். பொய்ச்சத்தியம் பண்ணினவனுக்குப் பிள்ளை தங்காது என்பதில் மட்டும் எல்லா மதத்துக்காரர்களுக்கும் ஒரே விசுவாசம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தெருவின் ஆம்பளைகள் எல்லாரும் வரிசையாக வந்து, புத்தகத்தின்மேல் கைவைத்து, நான் தீ வைக்கவில்லை, வைத்தவனையும் தெரியாது என்று சொல்ல வேண்டும். யார் கைவைக்கப் பயப்படுகிறானோ அவன்தான் ஆள். எல்லாருக்கும் இது பிடித்துவிட்டது. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம், சாமியே காட்டிக்கொடுத்துவிடும். டவுன் ஐயரும், சமாதானமாக முடித்துக்கொள்ளுங்கள் என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"ஆண்டவர் சத்தியமே பண்ண வேணாம்னு சொன்ன புத்தகம் அது. அதையே பொறியா வைக்கச் சொல்றாங்க. எலிக்குத் தேங்காச்சில்லு வைக்கிற மாதிரி" என்றார். அவர் அவ்வளவு கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. காரியஸ்தர் உள்ளே வரவில்லை, நிலைப்படியில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ்காரர்கள். ஆராதனை முடிந்தது. மேஜைமேல் புத்தகம் மூடி வைத்திருந்தது. நாங்கள் பெண்கள் இடதுபக்கம் பாயில் உட்கார்ந்திருந்தோம். அவன் மனைவி எனக்கு முன்னால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவன் ஆண்கள் பக்கம் சுவரோரம், கல்யாணத்துக்கு எடுத்த முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை எதற்கு என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"மொதல்ல உபதேசியாரு வைக்கட்டும். அவரு வச்சா மத்தவங்களுக்கும் ஒரு இது" என்றார் நாட்டாமை.

என் வீட்டுக்காரர் மேஜைக்குப் பக்கத்தில் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் கைவைக்கல. உள்ளதை உள்ளதுன்னும் இல்லாததை இல்லன்னும் சொல்லுங்க, அதுக்குமேல வேணாம்னு ஆண்டவர் சொல்லியிருக்காரு. நான் வைக்க மாட்டேன். உங்களை யாரையும் வைக்கச் சொல்லவும் மாட்டேன்."

காரியஸ்தர் நிலைப்படியிலிருந்து கேட்டார். "அப்ப தீ வச்சது நீதானாய்யா?"

"நான் வைக்கலீங்க."

"யாரு வச்சா?"

"அதைச் சொல்ல மாட்டேங்க."

"தெரியாதுங்கிறியா, சொல்ல மாட்டேங்கிறியா?"

"சொல்ல மாட்டேங்க."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு வாய்வரை வந்தது. அவருக்கு அந்த ஒரு வார்த்தை வராது என்பதும் எனக்குத் தெரியும்.

அவர் திரும்பி ஜனங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. தாங்களும் கைவைக்க மாட்டோம் என்று ஒருவராவது சொல்வார் என்று எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன். தெரு முழுக்க மறுத்துவிட்டால் யாரைத்தான் பிடிப்பார்கள்? எத்தனை சாவுக்குக் கூட நின்றவர், எத்தனை காய்ச்சலுக்கு ராத்திரி எழுந்து போனவர். அவருக்குப் பின்னால் இவ்வளவுகூட வரமாட்டார்களா?

நாட்டாமை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். புத்தகத்தின்மேல் கைவைத்தார். சொன்னார். அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவர். ஒருவரும் மேஜைக்குப் பக்கத்தில் நின்ற மனுஷனைப் பார்க்கவில்லை. அவனும் வந்தான். முழுக்கைச் சட்டையோடு வலது கையைத் தூக்கி வைத்தான். அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. போதும் போ என்று நாட்டாமையே தள்ளிவிட்டார். எனக்கு முன்னால் அவன் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

கைவைக்காதவர் ஒருவர்தான். தூண்டிவிட்டதாக வழக்கு எழுதி அவரைக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் தெருவே அரிவாளை எடுத்துக்கொண்டு அறுப்புக்குப் போனது. காரியஸ்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், கூலியும் கொஞ்சம் கூடியது. நான் பள்ளிக்கூடத்து ஜன்னலில் நின்று அவர்கள் வரிசையாக வரப்பில் போவதைப் பார்த்தேன். என் பிள்ளைகள் இரண்டும் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. அன்று சாயங்காலத்திலிருந்து என் வீட்டுக் கொல்லையில் யார் யாரோ முறத்தில் நெல் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் முகம் காட்டவில்லை. தூக்கி எறிய வேண்டும் என்றுதான் இருந்தது. புடைத்துக் குத்திக் கஞ்சி வைத்தேன்.

சில வாரங்களில் ஜாமீனில் வந்தார், இளைத்து, தாடியோடு. வழக்கு முடியும்வரை ஊழியத்திலிருந்து நிறுத்திவைத்திருக்கிறோம் என்று மிஷன் சொல்லிவிட்டது. என் டீச்சர் வேலை இருந்ததால் குடியிருந்த மிஷன் வீடு தப்பியது. அவர் தெருக்காரர்களோடு வயல் வேலைக்குப் போகத் தொடங்கினார். அதிலும் மெதுவுதான். சாயங்காலமானால் வேலையில்லாத உபதேசியார் பழையபடி வீடு வீடாக ஜெபத்துக்குப் போனார். ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டு ஆமென் சொன்னார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"புள்ளைய எடுத்துக்குவாராங்க?" என்றான்.

"யாரு தம்பி?"

"கர்த்தரு. நான் புஸ்தகத்துமேல கைவச்சுப் பொய் சொன்னேனே."

என் வீட்டுக்காரர் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "அந்தப் புஸ்தகத்துக்குள்ளயே ஒருத்தர் இருக்காரு. ஆண்டவர்கூடவே இருந்துட்டு அவரைத் தெரியவே தெரியாதுன்னு சத்தியம் பண்ணிட்டு, வெளிய போய் அழுதாரு. அப்புறம் அவருகிட்டதான் ஆண்டவர் மந்தையையே குடுத்தாரு. புள்ளைங்களை எடுத்துப் பழிவாங்குறவரு இல்ல அவரு. நீ போய் அந்தப் பொண்ணுகிட்ட தைரியம் சொல்லு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். எனக்கு உள்ளங்கால் முதல் எரிந்தது.

"ஜெயில்ல எப்படி இருந்தீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டானா?"

"கேக்கல."

"நான்தான் செஞ்சேன்னு ஸ்டேஷன்ல போய்ச் சொல்றேன்னு சொன்னானா?"

"சொல்லல."

"அப்புறம் எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"வந்துட்டானே, டீச்சரே."

குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, உயிரோடு, நல்ல குரலோடு. மருத்துவச்சிக்கு ஒத்தாசையாக நானும் கூட இருந்தேன். என் கையில்தான் முதலில் வாங்கினேன்.

அதற்குப் பிறகு வாய்தா. வழக்கில் இருந்தவர்களுக்குத்தான் இந்தச் சொல்லின் களைப்பு தெரியும். கோர்ட்டு இருந்த ஊருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். காலையில் போனால் சாட்சி வரவில்லை என்பார்கள். அடுத்த தடவை வக்கீல் வரவில்லை. அதற்கடுத்தது நீதிபதி மாறிப்போனார். இப்படியே வருஷங்கள் போயின. பண்ணைக்கும் அதை முடிக்கிற அவசரம் இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் என் வீட்டுக்காரரோடு அவனும் போனான். நான் கட்டிக்கொடுக்கிற புளிச்சோற்றுப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வான். கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பான். இருவரும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, புது நெல் ரகத்தைப் பற்றியும் வாய்க்காலில் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசிக்கொண்டு திரும்பி வருவார்கள். குற்றம் செய்தவன் சோற்றுப் பை சுமக்க, செய்யாதவர் கூண்டில் ஏறினார். இதைவிடக் கூத்து உண்டா?

"அவ்வளவு தூரம் வர்றவன் இன்னும் நாலு எட்டு வச்சு உள்ள வந்து சொல்லிட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"குட்டி போட்ட ஆட்டை ஒரே நாள் வெரட்டி ஓட்டினாலும் செத்துரும். அது நடக்கிற நடையிலதான் மேய்க்கிறவன் நடக்கணும்" என்றார். அதுவும் வேதத்தில் இருப்பதுதான். "அவன் வந்துக்கிட்டுதான் இருக்கான்."

"நீங்க அதுக்குள்ள செத்துப்போயிருவீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இதற்கிடையில் எத்தனையோ நடந்தது. குடியிருக்கிற மனைக்குப் பட்டா கொடுக்கிறோம் என்று சட்டம் வந்தது. பந்தல் போட்டு, மைக் கட்டி, ஒரு தலைவர் கொடுத்தார். வாங்கினவர்கள் நன்றி சொன்னார்கள். அந்தப் பட்டாவின் அருமை எனக்குத் தெரியும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சொந்த மண்ணில் நிற்பது சின்ன விஷயமா? ஆனால் மேடையிலிருந்த தலைவருக்கு எங்களில் ஒருவர் முகமும் தெரியாது. பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்ற என் வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு வீட்டிலும் யார் யாருக்கு என்ன கவலை என்று தெரியும். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தலைவலி வந்து, வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

பிறகு அவருக்கு மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம், டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிற்கவில்லை. வழக்கு முடிவதற்குள் அவர் முடிந்துபோனார். அடக்கத்துக்குத் தெரு முழுவதும் வந்தது. நாட்டாமை குழந்தைபோல அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவு அசதி.

அடுத்த வாய்தாவுக்கு நான் போக வேண்டியிருந்தது. சாவுச் சான்றிதழைக் கொடுத்துவிட்டால் வழக்கை முடித்துவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பினால் அவன் வாசலில் நிற்கிறான். பழக்கதோஷத்தில் சோற்றுப் பைக்குக் கையை நீட்டினான். நான் சோறு கட்டவே இல்லை. வெறும் பையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

கோர்ட்டில் டவாலிச் சேவகன் என் வீட்டுக்காரர் பெயரை மூன்று முறை கூப்பிட்டான். உயிரோடு இருப்பவரைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டான். வக்கீல் எழுந்து சொன்னார். நீதிபதி காகிதத்தைப் பார்த்தார், எதையோ எழுதினார், வழக்குக் கட்டை மூடினார். இத்தனை வருஷம் இழுத்தது கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிட்டது. அதோடு அவனும் தப்பித்துவிட்டான். இனி அந்த வைக்கோல் போரைப் பற்றி யாரும் அவனைக் கேட்கப்போவதில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சாமி, தீ வச்சது நான்தாங்க."

வேப்பமரத்தடியைத் தாண்டி அவன் உள்ளே வந்து நான் பார்த்ததே இல்லை. அன்று கூண்டுக்குப் பக்கத்தில் நின்றான். சட்டைக் கையைச் சுருட்டி அந்தத் தழும்பைக் காட்டினான். நீதிபதி நிமிர்ந்து வக்கீலைப் பார்த்தார். வக்கீல் குனிந்து, ஊர்க்காரர், துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று சொன்னது எனக்குக் கேட்டது. நீதிபதி அடுத்த கட்டைப் பிரித்தார். டவாலி அவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். "கேஸ் முடிஞ்சுபோச்சுய்யா. போ, போ, வெளிய போ."

வெளியே வந்து பார்த்தேன். மரத்தடியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தான்.

"சொல்லிட்டேங்க டீச்சரம்மா. எடுத்துக்க மாட்டேங்கிறாங்க."

"பாத்தேன்."

"ஸ்டேஷனுக்குப் போலாங்க. எனக்கு அங்கெல்லாம் பேசத் தெரியாது. நீங்க கூட வந்து சொல்லுங்க."

ஸ்டேஷன் எதிர்ச்சாரியில்தான் இருந்தது. ரோட்டைத் தாண்டினால் போதும். இவனைக் கொடுத்துவிடுங்கள் என்று நான் கேட்ட நாளும் உண்டு. இன்றைக்கு இவனே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். கூட்டிக்கொண்டு போனால் என் புருஷன் பெயரிலிருந்த கறை போகும். இத்தனை வருஷம் நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். இவன் பெண் அப்போது என்னிடம் ஒன்றாவது படித்தது. முன்வரிசையில் உட்காரும். அப்பாவிடம்தான் தலை பின்னிக்கொள்ளும் என்று தெருவே சிரிக்கும்.

"ஸ்டேஷன் வேணாம்" என்றேன்.

"அப்ப நான் யாருகிட்டத்தாங்க சொல்றது?"

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. மரத்தடியில் உட்கார்ந்தேன். அவனையும் உட்காரச் சொன்னேன்.

"என்கிட்ட சொல்லு."

போர் எரிந்த அந்தச் சாயங்காலம் வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து அவன் சொல்லத் தொடங்கினான். எனக்கு முக்கால்வாசி தெரிந்ததுதான். ஒரு இடத்திலும் குறுக்கே பேசாமல் கேட்டேன். அவன் மிகவும் மெதுவாகச் சொன்னான். முதல் பஸ் வந்து நின்றது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.